முள் கீழே கிடந்தது

வெயில் ஏறுவதற்குள் காரைத் துடைத்துவிடுவது என் வழக்கம், ஐயா. பழைய கார்தான். ஆனால் சங்கரன்கோவிலில் அதற்கு வழிவிடாத ஆட்டோ கிடையாது.

என் மருமகன் கைலாஷ் தங்கமான பிள்ளை. ஒரே குறை, என் காரைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "இத எடைக்குப் போட்டா ஒரு கிலோ பேரீச்சம்பழம் தேறும், மாமா" என்று பொங்கலன்று சம்பந்தி வீட்டார் எதிரிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆவணியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் போனால் விஷயம் மருமகன் காதுக்குப் போய்விடும். நானே சோதித்தேன். எஞ்சினில் இருக்கும் சென்சாரிலிருந்து ஒரே ஒரு வயர் மீட்டருக்கு வருகிறது. அதைக் கழற்றினேன்; முள் அடியில் விழுந்தது. கழற்றிய முனையை எஞ்சின் இரும்பில் தொட்டேன், உச்சிக்கு ஏறியது. ஆக, வயரும் மீட்டரும் சரி. சென்சாரை வெந்நீர்ச் சட்டியில் போட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். அதுவும் சரி. எஞ்சின் உண்மையாகவே கொதிக்கிறது.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குறை சொல்பவரை இடம் மாற்றிவிட்டால் குறை நின்றுவிடும் என்பது எங்கள் அனுபவம். வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாக வைத்தேன். அதன்பின் முள் அசையவில்லை. வீட்டில் நிம்மதி.

போன வாரம் சிவகிரியில் ஒரு கல்யாணம். கைலாஷின் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. அவரும் என் மகள் மீனலோசினியும் கிளம்பியபோது சாவியை நானேதான் கொடுத்தேன். பாதி வழியில் போன் வந்தது.

"மாமா, வண்டி இழுக்கவே மாட்டேங்கு. முன்னால ஆவி பறக்கு. முள்ளு மட்டும் அடியிலயே கெடக்கு. ரேடியேட்டர் மூடியத் தொறந்து தண்ணி ஊத்தலாமா?"

ஆறும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். வயர் விஷயம் வெளியே வரும். அன்று பந்தியில் அதுதான் பேச்சாக இருக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும் என்பது எனக்குத் தெரியும். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"முள்ளு கீழ கெடந்தா சூடு இல்லன்னுதான அர்த்தம், மாப்பிள்ளை. தாராளமாத் தொறங்க" என்றேன்.

மாப்பிள்ளைக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணைப் பற்றி டாக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. டேப் சுற்றிய வயரை, வண்டியை இழுத்து வந்தவர் மீனலோசினியிடம் காட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, கொதிக்குன்னு தெரிஞ்சேதான் தொறக்கச் சொன்னீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

பெற்ற பிள்ளையிடம்கூடப் பொய் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. நான் அந்த ரகம் இல்லை.