ரப்பர் கொட்டையும் லேலா மீனும்

கித்துல்கல போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், ரப்பர் பால் வெட்டும் பெண்கள் இருவர். இளையவள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"அக்கா, நேத்து எங்க வீட்டுக்காரர மீனு புடிச்சிருச்சு."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி சொல்ற?"

"ஆத்துல பாறைக்குக் கீழ ஆழமா இருக்குல்ல, அங்கதான் பெரிய லேலா மீனு நிக்குது. மூணு ஞாயிறா கடைப் பாணப் பிச்சு உருட்டித் தூண்டில்ல போட்டாரு, சீண்டவே இல்ல. நேத்து ரப்பர் காய் டப்புனு வெடிச்சு, கொட்டை தண்ணில விழுந்திச்சு. கை நீளத்துக்கு ஒண்ணு பாஞ்சு வந்து முழுங்கிருச்சு!"

"அட, கொட்டையவா?"

"இவரும் தூண்டில்ல கொட்டையக் கோத்தாரு. அது இழுத்த இழுப்புல ஆளே தண்ணிக்குள்ள. தூண்டிலும் போச்சு, செருப்பும் போச்சு. ஈரத்தோட வந்து நின்னு, செதிலு தங்கமா மின்னிச்சுன்னு சிரிக்கிறாரு."

"இனிப் போகமாட்டாருல்ல?"

"வர்ற ஞாயிறும் போறாரு. தூண்டில் வேணாமாம். அதுக்குத் தின்னப் போட பை நெறைய கொட்டை பொறுக்கி வச்சிருக்காரு."

"அப்ப கறிக்கு?"

"நெத்தலிக் கருவாடுதான்."