சலோமி அக்கா ஜீப்புக்கு ஊத்தின புது ஆயில்

ஒரு ஜீப்பைப் பத்திச் சொல்லணும்னு வழியெல்லாம் நினைச்சுக்கிட்டே வந்தேன், பிரியமானவங்களே. பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு அதைச் சொல்லிடறேன். அஞ்சே நிமிஷம்... கேளுங்க.

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டு. அங்க சலோமி அக்கான்னு ஒருத்தங்க. வீட்டுக்காரர் தவறின பிறகு, அவர் ஓட்டின டீசல் ஜீப்பை விக்க மனசு வராம, தானே ஓட்டக் கத்துக்கிட்டவங்க. ஜீப்புக்கு வயசு இருபத்தாறு. தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீட்டுல எந்தப் பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும் முதல் போன் அக்காவுக்குத்தான். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கணும்னா நாப்பது கொண்டை ஊசி வளைவு. நாப்பது! போனவங்களுக்குத் தெரியும்... ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம்? ஒண்ணுமே இல்லை.

ஒரு மார்கழிக் குளிர்ல ஜீப் காலையில கிளம்பவே மாட்டேங்குது. இருமுது, புகையுது, அடங்கிடுது. மெக்கானிக் ஜபருல்லா பாய் பார்த்துட்டு, "தங்கச்சி, குளிருக்கு சாதா ஆயில் கெட்டியாயிடுது. சிந்தடிக் ஆயில் ஊத்திப் பார்ப்போமா? இளகலா ஓடும். உள்ளயும் சுத்தம் பண்ணும்"னாரு.

ஊத்தினாங்க. மறுநாள் சாவியைத் திருப்பினா... ஒரே திருப்பு! அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கலை.

மூணாவது வாரம் ஜீப்புக்கு அடியில பார்த்தா எண்ணெய். துடைச்சு வெச்சா மறுநாளும் எண்ணெய். ஸ்டாண்டுல இருந்த டிரைவருங்க சும்மா இருப்பாங்களா? "கிழட்டு வண்டிக்குப் புது ஆயில் எதுக்குக்கா? பழையதையே ஊத்துங்க, தானா நின்னுடும்!"

அக்காவுக்கு வந்துச்சே கோபம்! நேரா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டாங்க.

"பாய்! இத்தனை வருஷம் ஒரு சொட்டு சிந்தாத வண்டி இது. உங்க ஆயில் கெடுத்துடுச்சு. வியாழக்கிழமை பிரசவத்துக்கு மாணிக்கவல்லியைக் கூட்டிட்டு இறங்கணும். ஏற்கெனவே ரெண்டு கரு தங்கலை அவளுக்கு. பழைய ஆயிலையே ஊத்திக் குடுங்க!"

பாய் எதிர்த்துப் பேசலை. "ஊத்துறேன் தங்கச்சி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடு. அடியைக் கழட்டிப் பார்த்துடறேன். இதை நான் முதல்லயே செஞ்சிருக்கணும். செய்யாதது என் தப்பு."

கழட்டினாரு. என்ஜினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி இருக்கு பாருங்க, அதை இறக்கி வெளிச்சத்துல வெச்சாரு.

அக்கா குனிஞ்சு பார்த்தாங்க.

தார்! ரோட்டுக்குப் போடுற தார் மாதிரி, கருப்பா, கட்டியா. விரலை வெச்சா விரல் புதையுது. எண்ணெயை உறிஞ்சி மேல அனுப்புற குழாய் வாயில ஒரு வலை இருக்கும். அந்த வலை பூரா அடைச்சுப் போச்சு. ஒரே ஒரு ஓரத்துல மட்டும்... ஒரு மிளகு நுழையற அளவு இடம்.

பாய் சொன்னாரு: "தொட்டி விளிம்புல எண்ணெய் கசியாம வெக்கிற பேக்கிங் செத்துப் பல வருஷம் ஆச்சு தங்கச்சி. தொட்டா உதிருது பாரு. இந்த அழுக்குதான் கசியாம அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு. புது ஆயில் அதைக் கழுவிடுச்சு. கழுவினதுல கொஞ்சம் இந்த வலையில வந்து சேர்ந்திருக்கும், இல்லைங்கலை. ஆனா இந்தக் கட்டி வருஷக்கணக்குல படிஞ்சது."

"இந்த மிச்ச இடமும் அடைச்சிருந்தா, பாய்?"

"என்ஜின் இறுகிப் பிடிச்சிருக்கும். இறக்கத்துல... வளைவுல... நான் என்னத்தைச் சொல்ல?"

அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. வந்த கோபம் எங்க போச்சுன்னே தெரியலை. அந்த மிளகளவு இடத்தையே பார்க்கறாங்க. பார்த்துக்கிட்டே, மெதுவா, பேர் சொல்ல ஆரம்பிச்சாங்க.

"செல்வராணி ஆஸ்பத்திரிக்கு இந்த ஜீப்புலதான் போனா... ரெட்டைப் பிள்ளை. தெரசா போனா, அடை மழையில. வேலம்மா... வழியிலயே பெத்துட்டா..."

பதினோரு பேர். பதினோரு தாய்மாருங்க! "இதுவழியாவா பாய்? இத்தனை உசுரும் இந்த ஓட்டையை நம்பியா இறங்குச்சு?"

ஜபருல்லா பாய் மேல பார்த்தாரு.

வலையைச் சுத்தம் பண்ணி, புது பேக்கிங் போட்டு, "எந்த ஆயில் ஊத்தட்டும் தங்கச்சி?"ன்னாரு. "புதுசையே ஊத்துங்க"ன்னாங்க அக்கா. வியாழக்கிழமை மாணிக்கவல்லி பத்திரமா இறங்கினா. பொம்பளைப் பிள்ளை, ரெண்டே முக்கால் கிலோ. அக்காவே எங்கிட்டச் சொன்னது இது.

இப்ப உங்களைக் கேக்கறேன். இந்தச் சபையில எத்தனை பேர் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கீங்க... "பாஸ்டர், ஜெபம் பண்ண ஆரம்பிச்ச பிறகுதான் வீட்டுல சண்டை. குடியை விட்ட பிறகுதான் மூக்குக்கு மேல கோபம். உண்மை பேச ஆரம்பிச்ச பிறகுதான் சொந்தத்துல விரிசல். முன்னாடி நல்லாத்தான் இருந்தோம்"னு?

நல்லாவா இருந்தீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க... நல்லாவா இருந்தீங்க?

கசிவு பழசு. கண்ணுக்குத் தெரிஞ்சதுதான் புதுசு. பயந்துக்கிட்டுப் பழைய வாழ்க்கைக்கு ஓடாதீங்க. கர்த்தர் முன்னாடி திறந்து வைங்க. திறந்தா முதல்ல வெட்கம் வரும். வரட்டும். வெட்கம் தணிஞ்ச பிறகு இன்னொண்ணு வரும்... பிரமிப்பு! இவ்வளவு அடைப்பை உள்ள வெச்சுக்கிட்டு நான் எப்படி இத்தனை வருஷம் உசுரோட இருந்தேன்? எனக்கே தெரியாம என்னைத் தாங்கினது யாரு?

அந்தக் கேள்வியை அவர்கிட்டயே கேளுங்க.