நாலு ஸ்க்ரூவும் அரைச் சுற்றும்

எங்கள் வீட்டில் கால் ஆடுகிற நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெருமை என் மனைவியைச் சேரும். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் சார், பிறகு தேவைப்படும்.

நீங்கள் ஸ்லாட் கார் ஓட்டியதில்லை என்று நினைக்கிறேன். கையளவு பொம்மைக் கார். தடத்தின் நடுவே ஒரு பள்ளம், அதன் இருபுறமும் மின்சாரம். சூட்சுமமெல்லாம் வளைவில்தான். மேல்கூட்டைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவையும் முழுக்க இறுக்கினால் வண்டி விறைத்துக்கொண்டு, வளைவில் துள்ளி வெளியே விழும். அரைச் சுற்று தளர்த்தினால் கூடு லேசாக அசைந்துகொடுக்கும், டயர் தடத்தை விடாது. அந்த அரைச் சுற்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் எங்கள் ஸ்லாட் கார் மன்றத்துப் போட்டியில் தோற்றேன், அதே மூன்றாவது வளைவில். ஜெயித்தது என் தங்கையின் கணவன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், எப்போதும் சிரித்த முகம். என் மனைவி அவனை வாய் நிறைய அண்ணன் என்பாள். சனிக்கிழமை மாலையானால் தங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான்.

ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூத் தலைகளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் காலையில் நாலு கோடும் திரும்பியிருந்தன. மறுபடி தளர்த்திக்கொண்டு ஓட்டியிருக்கலாம்தான். எனக்கு ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று வளைவில் விழுந்த என் வண்டியை அவனே எடுத்துக் கொடுத்தான்.

“வண்டி ரொம்ப விறைப்பா இருக்கு மச்சான். கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க.”

ஸ்க்ரூவில் கை வைக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மடிப்பு ஏணி வாசலில் சாய்ந்திருந்தது. மூட்டில் இரண்டு போல்ட். அரைச் சுற்று அதற்குப் போதாது என்று எனக்குத் தெரியும். நாலு சுற்று தளர்த்திவிட்டு, தங்கை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை வேலையில் அவன் மேலே நின்றிருந்தபோது ஏணியின் மூட்டு விட்டுப்போனது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்ததும் என் மனைவி அலமாரியிலிருந்த காரை எடுத்துத் துடைத்தபடி அழுதாள்.

“உங்களுக்கு எதையும் ஒழுங்கா முறுக்கத் தெரியாது. சனிக்கிழமை பெட்டியில வைக்கும்போதெல்லாம் இந்த நாலு ஸ்க்ரூவையும் நான்தான் டைட் பண்ணி விடுவேன். அண்ணனோட ஏணியையும் யாராவது இப்படிப் பார்த்திருக்கக் கூடாதா?”

எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. போல்டைத் தளர்த்தியது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் புதன்கிழமை அவள் என் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஏணி அதே வாசலில்தான் நின்றிருக்கிறது. அரைச் சுற்று தளர்ந்தாலே கண்டுபிடிக்கிறவள் கண்ணில் நாலு சுற்று படவில்லையாம். அவளை யாராவது விசாரித்தீர்களா?