உள் ரூம் சுவர்

— பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்க சார். ஃபாரத்துல சுவர் ஈரத்துக்குக் காரணம்னு இருக்கே, அந்தக் கட்டத்துல என்ன எழுதப் போறீங்க?

— கண்டன்சேஷன். பாருங்கம்மா, பதறாதீங்க. வீட்டுக்குள்ள உண்டாகற ஆவி குளிர்ந்த சுவர்ல பட்டுத் தண்ணியா நிக்குது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வைங்க, துணியை உள்ள காயப்போடாதீங்க. சரியாப் போயிடும்.

— அப்போ தப்பு என் மேல.

— நான் அப்படிச் சொல்லலையே.

— அந்த வார்த்தை சொல்லுதே! டேம்ப்னு எழுதினா, சுவர் வெளியிலிருந்து தண்ணி குடிக்குதுன்னு அர்த்தம். உங்க வீட்டு வசதி வாரியம் வந்து சரி பண்ணணும். கண்டன்சேஷன்னு எழுதினா, குடியிருக்கறவ துணியை எடுத்துத் துடைச்சுக்கணும்.

— பரவாயில்லையே, நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க.

— இந்த ரூம்ல அடுப்பு இருக்கா? குழாய் இருக்கா? துணி எல்லாம் மாடியில காயுது. என் பொண்ணு விடற மூச்சுலயா சார் இத்தனை பெரிய கறுப்புத் திட்டு வரும்?

— பாருங்கம்மா, மூச்சுலயும் ஈரம் இருக்கத்தான் செய்யும்...

— எட்டு வயசுப் பொண்ணு சார், யானை இல்ல. இந்த ரூம்ல படுத்தா இழுப்பு. மூணு மாசமா ஹால்ல சோபாவுல உக்காந்தபடியே தூங்குது. எனக்குப் பயமா இருக்கு.

— புரியுது. புரியறதை எல்லாம் எழுத முடியாதும்மா.

— சரி, உங்க கையாலயே பாருங்க. கட்டிலை அந்தப் பக்கம் பிடிங்க. தள்ளுங்க.

— இது என்ன, சாப்பாடு சுத்தற வெள்ளித்தாளை சுவர்ல ஒட்டி வச்சிருக்கீங்க? நாலு பக்கமும் டேப் வேற!

— நாலு நாளா இருக்கு. தாள் மேல தடவிப் பாருங்க.

— காய்ஞ்சுதான் இருக்கு.

— என் வீட்டு ஆவின்னா மேலதானே நிக்கணும்? இப்போ உரிங்க. மெதுவா.

— அட! கையெல்லாம் தண்ணி.

— எங்கிருந்து வந்தது? வாயால சொல்லுங்க.

— சுவர்லேருந்துதான்.

— அப்போ எழுதுங்க.

— எழுதி என்னம்மா ஆகப்போகுது? டேம்ப்னு எழுதி எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல டைப் ஆகி வெளிய வரும்போது கண்டன்சேஷன்னு இருக்கும். இந்தச் சுவரைத் தொட்டா மூணு மாடிக்கும் சேர்த்து வேலை. எவன் ஒத்துக்குவான்? அலுத்துப்போய் இப்பல்லாம் நானே முதல்லயே அப்படி எழுதிடறேன்.

— தெரியும். அதனாலதான் சொல்றேன். மையில எழுதுங்க, கீழ கையெழுத்துப் போடுங்க. நான் போன்ல படம் எடுத்துக்கறேன். காகிதத்தைச் சுவரோட சேர்த்துப் பிடிங்க, ஈரமும் தெரியட்டும்.

— எனக்கு மெமோ வாங்கிக் குடுக்காம விடமாட்டீங்க போல.

— வந்தா நானும் கூட வந்து நிக்கறேன். எழுதுங்க சார்.

— இந்தாங்க. டேம்ப். கையெழுத்து, தேதி. போதுமா? ஆமா, ஆபீஸ்ல மாத்தறாங்கன்னு சொன்னப்போ தெரியும்னீங்களே, எப்படி?

— உங்க ஆபீஸ் பின் ரூம்ல ஒன்பது வருஷம் டைப் அடிச்சவ நான். அங்க காகிதம்தான் வரும், ஆள் முகம் வராது. போன வருஷம் ஆள் குறைச்சாங்க, வேலை போச்சு. அப்புறம் குலுக்கல்ல இந்த வீடு விழுந்தது.

— நம்ம ஆபீஸா! அட, முதல்லயே சொல்லக்கூடாதா? பாருங்கம்மா, இதே வீட்டுக்கு நான் முன்னாடியும் வந்திருக்கேன். கைக்குழந்தையோட ஒரு குடும்பம் இருந்தது. இதே சுவர்தான். அப்போ என்ன எழுதினேன்னு கூட ஞாபகம் இல்ல.

— டேம்ப்னுதான் எழுதியிருந்தீங்க சார். அதை மாத்தி அடிச்சது நான்தான்.