முப்பத்திரண்டாம் பக்கம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். குறை கண்டுபிடித்தே பிழைப்பவன் நான். வாய் சும்மா இருக்காது.

இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகமோ மருந்துப் பெட்டி அட்டையோ, என் பார்வையைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் ‘பாலத்தான்’ படக்கதையில் இறங்கினேன். படம் என் மச்சினன், எழுத்தும் பிழைதிருத்தமும் நான். ரயில்பாதை மேல் போகிற நடைபாலத்துக்கு அடியில் தூங்கி, ஊருக்கு ஆபத்து என்றால் கம்பிக்குக் கம்பி தாவி வருகிற வீரன். நம் ஊர்த் தெருக்கள், நம் ஊர்க் கடைகள், நம் ஊர் முகங்கள். முதல் இதழ் நாலே நாளில் காலி.

பின்னட்டையில் ஒரு போட்டி வைத்தோம். படத்தில் இருப்பது ஊரில் இல்லையென்றால் வந்து சொல்லுங்கள், அடுத்த இதழ் இலவசம். யோசனை என்னுடையது. ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாம் இதழ் வந்த மூன்றாம் நாள் ஒரு தையல்காரர் வந்தார். “தபாலாபீஸ் வாசல்ல ஏழு படி போட்டிருக்கீங்க. ஆறுதான் சார் இருக்கு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

அச்சகமே சிரித்தது. மச்சினனும் சிரித்தான். “விடுங்க மாமா, ஒரு படிதானே? ஏறும்போது ஒண்ணு கூட்டி எண்ணிக்கச் சொல்லுங்க.”

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அச்சான புத்தகத்தைத் திருத்த முடியாது, சார். ஆனால் படியைக் கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பன்னிரண்டு செங்கலும் அரைச் சட்டி சிமெண்டும் கொண்டுபோய் வேலையை முடித்தேன். அடுத்த வாரம் தையல்காரரைக் கூட்டிப்போய் எண்ணச் சொன்னேன். ஏழு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் படியில் ஒரு அம்மாள் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததாகச் சொன்னார்கள். கூடிவிட்டதாம்.

அப்புறம் ஒரு பெயர்ப்பலகையை இடம் மாற்றினேன். வேப்பமரம் ஒன்று படத்தில் இல்லை, வெட்டினேன். ஐந்தாம் இதழில் நடைபாலத்துக் கைப்பிடியில் ஒரு கம்பியை மச்சினன் வரைய மறந்துவிட்டான். அதையும் கழற்றினேன். இதெல்லாம் சின்னத் திருத்தம்தான்.

ஆறாம் இதழில் பிழை என்னுடையது.

கடிகாரம் பழுது பார்க்கிறவரைத் தெரியும் அல்லவா, பாலத்து முனையில் பெட்டிக்கடை? “என் மூஞ்சியையும் போடுப்பா, நாலு பேர் வாட்ச் ரிப்பேருக்கு வருவான்” என்று மச்சினனை நச்சரித்து நச்சரித்துக் கதைக்குள் வந்தவர். கதைப்படி முப்பத்தோராம் பக்கத்தில் கைப்பிடி உடைந்து பாலத்திலிருந்து விழுகிறார். முப்பத்திரண்டில் பாலத்தான் தாவி வந்து அவர் கையைப் பிடிக்கிறான். கடைசிப் பக்கத்தில் பூட்டின கடை, எதிரே தெருவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. தப்பித்த களைப்பில் மனுஷன் தூங்கிவிட்டார், வாட்சுக்காக எல்லோரும் காத்திருக்கிறார்கள். அதுதான் நகைச்சுவை.

அச்சில் ஒரு பெரிய தாளை அடித்து மடித்தால் அது ஒரு பாரம், பதினாறு பக்கம். இரண்டு பாரத்துக்கு முப்பத்திரண்டு. எங்களிடம் முப்பத்து மூன்று இருந்தது. மச்சினன் காய்ச்சலில் படுத்திருந்தான். ஒரு பக்கத்தை நான் எடுக்க வேண்டியதாயிற்று. காப்பாற்றுகிற பக்கத்தை எடுத்தேன். வீரன் கதையில் வீரன் காப்பாற்றுவான் என்று யாருக்குத்தான் தெரியாது?

புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அவர் செத்துப்போயிருந்தார்.

நாற்பத்தொரு பேர் வந்தார்கள், சார். “கடிகாரக்காரர் உசிரோட இருக்காரே, இது பிழைதானே?” நாற்பத்திரண்டாவதாக அவரே வந்தார், வெற்றிலைச் சிரிப்போடு. “செத்தவனுக்கும் ஒரு புக்கு இலவசமா உண்டா? நடமாடுற பிழை நான்தானே?” அச்சகத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். தினமும் இரண்டு வேளை என் ஜன்னலைத் தாண்டித்தான் அவர் போவார். ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டி, “பிழை போகுதுங்கோ!” என்பார்.

இருபத்திரண்டு வருடம், சார்.

போன செவ்வாய் காலை ஆறரை மணிக்கு அவரைப் பாலத்துக்கு வரச் சொன்னேன். அட்டைக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றேன். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். கைப்பிடியின் நான்கு போல்ட்டையும் முன்பே தளர்த்திவைத்திருந்தேன். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன்.

“எங்க நிக்கிறேன் நானு?”

“இன்னும் ரெண்டடி தள்ளி. அப்படியே சாய்ஞ்சுக்குங்க அண்ணே.”

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம்.”

கைப்பிடி உடைந்தது. விழுந்தார். முப்பத்தோராம் பக்கத்தில் உள்ளபடியே. நான் சிறிது நேரம் காத்திருந்தேன். யாரும் தாவி வரவில்லை. எப்படி வருவான்? அந்தப் பக்கத்தை எடுத்தது நான்தானே. அது இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வேண்டுமானால் பாருங்கள், கையைப் பிடிக்கிற இடத்தில் மச்சினன் நன்றாகவே வரைந்திருக்கிறான். பாவம், அவனுக்கு இதில் எதுவும் தெரியாது.

எனக்கு அந்த மனிதர் மீது ஒரு கோபமும் கிடையாது. யாரையும் நோகடிக்கிற சுபாவம் எனக்கு இல்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள். அன்று சாயங்காலமே, வந்து சொன்ன நாற்பத்தொரு பேருக்கும் பதில் போட்டுவிட்டேன்: ‘பிழை எதுவும் இல்லை.’

இந்த ஏட்டம்மா எழுதிய வாக்குமூலத்தைக் கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் நான்காவது வரியைப் பாருங்கள், ‘கைப்பிடி உடைந்து விழுந்தார்’ என்று இருக்கிறது. நான் சொன்னபடிதான் எழுதியிருக்கிறார், அவர் மேல் தப்பில்லை. சொன்னதே பிழை. ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தது. கைப்பிடி வளைந்ததே தவிர உடையவில்லை. அவர் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் குனிந்து, கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

அதைத் திருத்திவிடுங்கள். பிழையோடு என் பெயர் வெளியே போகக் கூடாது.