சேதமின்றி வந்த பட்டறை

— ஆணி அடிக்க மாட்டேன், சிஸ்டர். சுத்தியலை நீங்களே பிடிங்க.

— எண்பத்தஞ்சு வயசுல நான் ஏணி ஏறணுமா, கார்மக்? எங்க சபையோட இந்த ஊரை விலைக்கு வாங்கின பழம்பொருள் சங்கத்துக்காரங்க மதியம் கார்ல வர்றாங்க. அதுக்குள்ள இந்தப் பலகை பட்டறையில தொங்கணும்.

— எந்த வாசல்ல? உங்க சபையில தனித்தனியாச்சே, ஆம்பளை வாசல்லயா, பொம்பளை வாசல்லயா? ஆம்பளை வாசல்ல நுழைய ஆளில்லாம முப்பது வருஷமாச்சு.

— ரெண்டுக்கும் நடுவுல.

— என்ன எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஏமாத்தாதீங்க. ஒரு எழுத்து முழுங்காம வாசிங்க.

— "ஷேக்கர் துறவுச் சபைச் சகோதரர்களின் விளக்குமாற்றுப் பட்டறை. குன்றின்மேல் கட்டப்பட்டது. 1864 குளிர்காலத்தில், நாற்பது எருதுகளைப் பூட்டி, பனியின்மீது இழுத்து, சேதமின்றி இங்கே கொண்டுவரப்பட்டது. பின்னாளில் சகோதரிகள் இதில் மேலங்கி தைத்தனர்."

— சேதமின்றி! எவன் எழுதினது?

— எங்க நாட்குறிப்புல அப்படித்தான் இருக்கு.

— அதைத் தூக்கி அடுப்புல போடுங்க. எங்கப்பன் செத்தது சேதம் இல்லையா?

— மெல்லப் பேசு. அவர் கூலிக்கு வந்தவர். நாட்குறிப்பு சபையைப் பத்தினது.

— ஆமா ஆமா. அன்னிக்கு ஒரு எருதுக்கு லாடம் கழண்டு விழுந்துச்சு. அது இருக்கா அதுல?

— ...இருக்கு.

— பாத்தீங்களா! மாட்டு லாடம் இருக்கு, எங்கப்பன் இல்லை. எருது உங்க சபையில எப்ப சேர்ந்துச்சு?

— கத்தாதே, கார்மக்.

— அறுபத்தேழு வருஷமா கத்தலையே, இன்னிக்குக் கத்துறேன். எனக்கு அப்ப ஆறு வயசு. வேலிமேல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். கட்டடம் பாதிச் சரிவுல நிக்குது. வழுக்கி ஓடிடாம, பின்னால முப்பது சகோதரர்கள் கயித்தைப் பிடிச்சிருக்காங்க. சாப்பாட்டு மணி அடிச்சுது. உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க? சொல்லுங்க.

— மணி அடிச்சா கையில இருக்கறதை வச்சுட்டு வரணும். அது எங்க ஒழுங்கு.

— ஊசியை வைக்கலாம். விளக்குமாத்தை வைக்கலாம். கட்டடத்தை எங்க வைக்கிறது? கயித்தை மரத்துல ரெண்டு சுத்து சுத்திட்டு, வரிசையா, வாயைத் திறக்காம நடந்து போனாங்க. முடிச்சு நழுவுறதை எங்கப்பன் பாத்தான். 'நில்லுங்கடா'ன்னு கத்தினான். ஒருத்தனும் திரும்பலை. ஒத்தை ஆளா ஒரு கட்டையைத் தூக்கிட்டு ஓடி முட்டுக் குடுத்தான். மொத்தக் கட்டடமும் அவன் மேல ஏறிச்சு. அப்ப உங்க ஆளுங்க அவிச்ச மொச்சை தின்னுக்கிட்டிருந்தாங்க.

— மொச்சை இல்லை. ரொட்டியும் ஆப்பிள் கூழும்.

— எந்த எழவா இருந்தா என்ன! எங்கம்மா சாகிற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அன்னிக்கு மணி முன்னாடியே அடிச்சிருச்சுன்னு. சாப்பாட்டு மணிக்குள்ள கட்டடம் சமதரைக்கு வந்துடற மாதிரி கணக்குப் போட்டுத்தான் வேலையை ஆரம்பிச்சிருந்தாங்களாம். உங்க சபைப் பெரியவர் வந்து, சமையல்கட்டுக் கடிகாரம் சரியாத்தான் ஓடுதுன்னார். அதோட விடலை. அவ குடிச்சிட்டு உளர்றான்னு கடைத்தெரு பூராவும் சொல்லி வச்சார். அப்புறம் ஒரு வீட்லயும் அவளுக்கு வேலை குடுக்கலை.

— குடிகாரின்னா சொல்லி வச்சார்? அது எனக்குத் தெரியாது, கார்மக்.

— உங்களுக்கு என்னதான் தெரியும்? தரை பெருக்கணும்னு சுவத்துல நாற்காலியை மாட்டத் தெரியும்.

— இப்ப உனக்கு என்ன வேணும்?

— எங்கப்பன் பேர். ஃபெர்கஸ். இந்தப் பலகையில.

— நாங்க எதுலயும் பேர் போடறதில்லை. நாற்காலியில இல்லை, பெட்டியில இல்லை. அது தற்பெருமை. இங்க வந்த நாள்லேர்ந்து நான் எதுலயும் பேர் போட்டதில்லை.

— அப்ப இதை விறகாக்குறேன். வர்றவங்க குளிர் காயட்டும்.

— இரு. பலகையைக் கவுத்து மேஜைமேல வை. அந்தப் பென்சிலைக் கொடு.

— பூசி மெழுகுறதா இருந்தா வேண்டாம்.

— கொஞ்சம் பேசாம இரு.

— கார் சத்தம் கேக்குது, சிஸ்டர்.

— கேக்கட்டும்... ம், முடிஞ்சுது. இந்தப் பக்கம் வெளியே தெரியற மாதிரி அடி.

— முதல்ல வாசிங்க. உங்க எழுத்தை நம்பி நான் ஆணி அடிக்கிற காலம் போச்சு.

— "இந்தக் கட்டடம் இறங்கிய அன்று, இதன் அடியில் நசுங்கி ஃபெர்கஸ் என்பவர் இறந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அன்றைய மணி பத்து நிமிடம் முன்னதாக அடிக்கப்பட்டது. அவர் மனைவி சொன்னது உண்மை."

— பத்து நிமிஷமா? எங்கம்மா முன்னாடின்னுதானே சொன்னா. பத்துன்னு உங்களுக்கு எவன் சொன்னான்?

— யாரும் சொல்லலை. அந்த மாசம் சமையல்கட்டு முறை என்னோடது. ரொட்டி ஆறிப்போகுதேன்னு மணிக்கயித்தை இழுத்துட்டேன். கீழ என் பேரும் போட்டிருக்கேன், கார்மக். அடி ஆணியை.