படவேட்டுக்குப் போற பொடவ

இல்லக்கா, மடியிலயே இருக்கட்டும். இத கீழ வெக்கக் கூடாது, கால் படும். வெயிட்டெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு பொடவதான். நீங்க நல்லா தள்ளி உக்காருங்க. கூடை காலியாயிடுச்சா? படவேட்டு வாழப்பழம்னா எங்க ஆரணில நிக்காது. இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு கண்டக்டருக்கே தெரியாது, அதான் சாப்பிடாமக்கூட ஓடியாந்தேன்.

கோயிலுக்குத்தான். ரேணுகாம்பாளுக்கு சாத்தறதுக்கு. நீங்க ஊர்க்காரங்க, உங்களுக்குத் தெரியும், பூசாரி கையில வாங்கிக்குவாரா? இன்னிக்கே சாத்திடுவாரா? அப்படியா. சரி, அப்ப ஜல்தியா போயி மொத ஆளா நிக்கணும்.

கடையில வாங்கினதில்லக்கா, நானே நெய்ஞ்சது. ஆரணிக்குப் பக்கத்துல சேவூரு எனக்கு. பேரு பரிமளா. காட்டறேன், கைய மட்டும் தொடச்சிக்கினு தொடுங்க. மஞ்சா ஒடம்பு, அரக்கு பார்டரு. இந்த மாதிரி பார்டர் வெச்சது ஒருத்தியா நெய்ய முடியாது. நாடான்னா ஊட நூல இட்டுகினு ஓடற கட்டைக்கா. ஒடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு பக்கமும் பார்டருக்கு ஒவ்வொரு நாடா. ஒருத்தி தறிக்குழியில கால வுட்டு மிதிக்கணும், இன்னொருத்தி பக்கத்துல உக்காந்துகினு அந்தப் பக்கத்து நாடாவ அடிக்கணும். எனக்கு அடிக்கறது எம் பொண்ணு. சத்யப்ரியா. ஒரே பொண்ணு. ஸ்கூலு வுட்டு வந்தா ஒரு மணி நேரம் உக்காருவா. நான் ம்னு சொல்லுவேன், அந்தப் பக்கத்துலருந்து நாடா வரும். மறுபடியும் ம்னுவேன், வரும். நடுவுல ஊர்க்கதையெல்லாம் ஓடும்.

இப்ப காலேஜுக்கா. மெட்ராஸ்ல. படிப்புல சேக்கல, ஆட்டத்துல சேத்தாங்க. ஃபுட்பாலு. ஆமா, கால்ல உதைக்கறதுதான். சிரிங்க, நானும் மொதல்ல சிரிச்சவதான்.

ஒம்பதாவது படிக்கிறப்ப பி.டி. சார் அருணாச்சலம் வீடு தேடி வந்தாரு. நான் இன்னா தப்பு பண்ணாளோன்னு பயந்துட்டேன். அவரு சொல்றாரு, எடது கால்ல இப்படி அடிக்கிற புள்ள நம்ம மாவட்டத்துலயே இல்லம்மா, இவள ஆட வுடுங்கன்னு. எங்க வீட்டுக்காரரு ஒரே முட்டா முடியாதுன்னுட்டாரு. பொட்டப்புள்ள டவுசர் போட்டுகினு கோட்டை மைதானத்துல ஓடினா தெருவுல இன்னா பேசுவாங்கன்னு. நான் மூணு நாளு அவருக்கு வெறும் ரசம்தான் ஊத்தினேன். நாலாவது நாளு அவரே ஷூ வாங்கறதுக்கு இட்டுகினு போனாரு. சண்ட போட்டு அனுப்பினவ நான்தான்க்கா. அத நீங்க மறந்துடாதீங்க. நானும் மறக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

மொத மேட்ச் பாக்கப் போனேன். ஒண்ணும் புரியல. எல்லாரும் கத்தறாங்களேன்னு நானும் எழுந்து நின்னு கை தட்டினேன். பாத்தா அது எங்க புள்ளைங்க மேல வுழுந்த கோலு. பக்கத்துல இருந்த வாத்தியாரம்மா என்ன ஒரு பார்வ பாத்துது பாருங்க. வீட்டுக்கு வந்து எம் பொண்ணு அழுவான்னு பாத்தா, தரையில உருண்டு சிரிக்கிறா. அப்புறம் பழகிட்டேன். யாரு எந்தப் பக்கம் அடிக்கணும்னு தெரிஞ்சிக்கினேன். இவ எடது பக்கமா பந்த இட்டுகினு ஓடுவாக்கா. ஓரக் கோட்ட ஒட்டியே ஓடுவா, பந்து எங்க வெளிய போயிடுமோன்னு இருக்கும், போவாது. வேற யாரு வீட்டுப் புள்ளயோ ஓடற மாதிரி இருக்கும் எனக்கு. அவ்ளோ அழகு.

அப்புறம் ஜோன் மேட்சுன்னாங்க, மாவட்டம்னாங்க, பன்னெண்டாவதுல ஸ்டேட்டுக்கு எடுத்தாங்க. அந்த சர்ட்டிபிகேட்ட வெச்சிதான் காலேஜுல கூப்பிட்டாங்க. வெறும் பேப்பரு போதாது, ஆடிக் காட்டணுமாம். நானும் கூடவே போனேன். முந்நூறு பொண்ணுங்க வந்திருந்தாங்கக்கா, கன்னியாகுமரிலருந்துகூட. எடுக்கறது பதினெட்டு பேரு. ரெண்டு நாளு வெயில்ல வெச்சி ஓட வுட்டாங்க. கடைசில பேரு படிச்சாங்க. பதினாலாவதா இவ பேரு. ஃபீஸ் இல்ல, ஹாஸ்டலுக்கும் காசு இல்ல, சாப்பாடு முட்டையோட அவங்களே. நான் கேட்டுக்குப் பக்கத்துல பையெல்லாம் வெச்சிகினு நிக்கிறேன், ஓடியாந்து என்ன கட்டிக்குவான்னு. அவ அங்க அந்தப் பொண்ணுங்களோட கட்டிகினு குதிக்கிறா. ஒரு நாலு நிமிசம் இருக்கும், அதுக்கப்புறம்தான் அம்மா ஒருத்தி நிக்கிறான்னு ஞாபகம் வந்துது. அதுல ஒண்ணும் இல்ல. சின்னப் புள்ள. எனக்கும் சந்தோசம்தான்.

ஜூன் மாசம் ஹாஸ்டல்ல வுட்டுட்டு வந்தேன். மறுநாளு காலைல தறில உக்காந்தேன். பாதிப் பொடவ நிக்கிது, அவ போறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. மிதிச்சேன், என் பக்கத்து நாடாவ அடிச்சேன், பழக்கத்துல ம்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் நாடா வரல.

சிரிப்பா இருக்குது இல்ல? அன்னிக்கி எனக்கு சிரிப்பு வரலக்கா. எழுந்து அந்தப் பக்கம் போயி நானே அடிச்சேன். திரும்ப வந்து மிதிச்சேன். ஒரு ஜாணு நெய்யறதுக்குள்ள சாயந்தரம் ஆயிடுச்சு. தெருவுல யாரையாவது கூப்பிடலாம்னு பாத்தா, பொண்ணுங்க எல்லாம் காலைல ஆறு மணிக்கே கம்பெனி வேன்ல ஏறிடுதுங்க. அந்தப் பொடவைய எப்படியோ முடிச்சி குடுத்துட்டு, இனிமே ஒரே கலரா, பார்டர் இல்லாத பொடவயா குடுங்கன்னு வாங்கினு வந்துட்டேன். அது ஒருத்தி போதும்.

வீட்டுக்காரரு இருக்காரே, அவரு பேரு தனசேகரன், பவர்லூம் ஷெட்டுல வேல. காலைல போனா ராத்திரி வருவாரு. அந்த சத்தத்துல காது பாதி போச்சு. நான் பேசினா டிவி பேசுதுன்னு நெனச்சிக்குவாரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லக் கூடாது. புள்ளயா, ஃபோன் பண்ணுவா. சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டேம்மா, வெக்கிறேம்மா. பின்னால ஒரே சிரிப்புச் சத்தமா கேக்கும். மொதல்ல தெனமும் பண்ணா, அப்புறம் ஞாயித்துக்கெழம. ஒரு நாளு படுக்கறப்ப யோசிச்சி பாக்கறேன், அன்னிக்கி பூரா நான் பேசினது ஒண்ணே ஒண்ணு. காய்காரன்கிட்ட தக்காளி வேணாம்பான்னு சொன்னேன். அவ்ளோதான். இத்தினிக்கும் நான் எப்படிப் பேசறவன்னு நீங்களே பாக்கறீங்க, ஏறினதுலருந்து உங்க காத ரொப்பிகினு வரேன்.

கார்த்திக மாசம் ஃபோன் வந்துது. அவ இல்ல, வார்டன். காலேஜுங்களுக்குள்ள மேட்சாம். இவ பந்தோட திரும்பியிருக்கறா, ஒடம்பு திரும்பிச்சி, காலு திரும்பல. முட்டியில சவ்வு அறுந்து போச்சு. யாரும் உதைக்கல, தள்ளல, தானாவே. ஆசுபத்திரில போயி பாக்கறேன், என்னப் பாத்த ஒடனே அவ சொன்ன வார்த்த, அம்மா, எடது காலும்மா. வலிக்குதுன்னு சொல்லல. எடது காலுன்னா.

ஆபரேசன் நல்லாத்தான் பண்ணாங்க. ஆறு மாசம் மைதானம் பக்கமே போவக் கூடாது, அப்புறம் பாக்கலாம்னு சொன்னாரு டாக்டரு. பாக்கலாம்னா இன்னான்னு கேட்டேன். பாக்கலாம்னுதான் மறுபடியும் சொன்னாரு. காலேஜுல நல்லவங்கதான், வீட்டுல இருந்து ஒடம்ப தேத்திகினு வா, பரிச்சைய எழுதிக்கலாம்னாங்க. ஆனா ஆட்டத்துக்காக குடுத்த சீட்டு அது. ஆடலன்னா அடுத்த வருசம் ஹாஸ்டல் இருக்குமான்னு யாரும் வாய தொறந்து சொல்லல. தை மாசம் கார்ல பின் சீட்டுல கால நீட்டி படுக்க வெச்சி இட்டுகினு வந்தோம்.

வந்த புதுசுல குளிக்கப் போனா கொழாய தொறந்து வுட்டுடுவா. தண்ணி ரொம்பி வழியும், மூட மாட்டா. உள்ள அழுவறான்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். கூட ஆடற பொண்ணுங்க செல்லுல மேட்ச் படம் அனுப்புவாங்க. பாக்க மாட்டேன்னு கவுத்து வெப்பா, பத்து நிமிசம் கழிச்சி எடுத்துப் பாப்பா.

ஒரு நாளு நான் சொன்னேன், படவேட்டு ஆத்தாவுக்கு ஒரு பொடவ நெய்யணும்டின்னு. என் காலுக்காம்மான்னா. ஆமான்னேன். அப்ப நானே அந்தப் பக்கம் உக்கார்றேன், பார்டரு வெச்சே நெய்யலாம்னா. காலு மடங்காதேடின்னேன். தலகாணி வெச்சி நீட்டிக்கறேன், கைக்கு இன்னா வந்துதுன்னு கேக்கறா. உக்காந்துட்டா. பதினாறு நாளு. ம்னு சொல்லுவேன், அந்தப் பக்கத்துலருந்து நாடா வந்துது. ஹாஸ்டல் கதையெல்லாம் அப்பதான் சொன்னா. எந்தப் பொண்ணு கொறட்ட வுடும், எவ முட்டைய திருடித் தின்னுவா, கோச்சு கோவம் வந்தா எந்த பாசையில திட்டுவாருன்னு. ஃபோன்ல ஆறு மாசமா சொல்லாதத எல்லாம் சொன்னா. இங்க பாருங்க, இந்தப் பக்கத்து பார்டரு பூரா அவ கைதான். ஒரு எடத்துலகூட வுடல. ஆத்தாவுக்குப் போறது, தப்பு வரக் கூடாதும்மான்னு ரெண்டு தடவ பிரிச்சி அடிச்சா.

அவ காலுக்காக நெய்ஞ்சதுன்னு அவ நெனச்சிகினு இருக்கறா. அவங்க அப்பாவும் அப்படித்தான். நீங்களும் இவ்ளோ நேரம் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

இது பழைய வேண்டுதல்க்கா.

போன ஆடி வெள்ளிக்கி வந்திருந்தேன் உங்க ஊருக்கு. அவ போயி ஒண்ணரை மாசம் ஆயிருந்துது. கூட்டம், பின்னாலருந்து தள்ளிகினு இருக்காங்க, ஆத்தா மொகத்த ஒரு நிமிசம்கூட முழுசா பாக்க வுடல. அப்ப வேண்டினேன். எம் பொண்ணு என்கிட்டயே வந்துடணும் தாயே, எப்படியாவது இட்டுகினு வந்துடு, என் கையால பட்டு நெய்ஞ்சி உனக்கு சாத்தறேன்னு. நல்லபடியான்னு ஒரு வார்த்த அதுல சேக்கலக்கா. தோணவே இல்ல. வந்துட்டா போதும்னு இருந்துது. நான்தான் அனுப்பினேன், நான்தான் கேட்டேன்.

ஆத்தா இட்டுகினு வந்துட்டா.

இல்லக்கா, நீங்க ஆறுதலுக்கு சொல்றீங்க. இருக்கட்டும். வேண்டினத செலுத்தாம இருந்தா அதுவும் புள்ள மேலதான் விடியும்னு பயம். செலுத்தினா, ஆமா தாயே, நான் கேட்டது இதுதான்னு கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடுது. ரெண்டு மாசமா இதே யோசனதான். யார்கிட்டயும் சொல்லல. அவகிட்ட எப்படி சொல்றது? அவ கைய வெச்சே நெய்ஞ்சிருக்கறேன்.

இன்னொண்ணும் இருக்குது. சொல்லிடறேன், நீங்க யாரோ நான் யாரோ. அந்தப் பதினாறு நாளும் நான் சந்தோசமா இருந்தேன்க்கா. அவ அழுவறது தெரிஞ்சே சந்தோசமா இருந்தேன். பொடவ முடியக் கூடாதுன்னு ஒரு நாளு வேணும்னே மெதுவா மிதிச்சேன்.

கோயில் வந்துடுச்சா? இந்த வளைவுதானா. இருங்க, இருங்க, நீங்களும் எறங்கறீங்க இல்ல? எனக்காக ஒண்ணு பண்ணுங்க. ஒரு பத்து நிமிசம் என்கூட உள்ள வாங்க. பொடவைய நான் குடுத்துடறேன். கிளம்பறப்ப புள்ள வாசல் வரைக்கும் நொண்டிகினு வந்து சொன்னா, அம்மா, நல்லா கேளு, ஜூன்ல நான் ஓடணும்னு கேளுன்னு. அத நீங்க கேளுங்க. நான் கேட்டா அந்த நேரத்துல என் மனசுக்குள்ள எது வரும்னு எனக்கே நம்பிக்க இல்ல. பொடவைய குடுத்துட்டு நான் வெளிய வந்து வாசல்லயே நின்னுக்கறேன்.

பேரு சத்யப்ரியான்னு சொல்லுங்க, சேவூருன்னு சொல்லுங்க. எடது காலுக்கா. மறந்துடாதீங்க, எடது காலு.